பார்க்காதவரின் சாட்சியம்

ஷார்ஜாவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட், ஒவ்வொரு தளத்திலும் கதவைத் திறப்பதற்கு முன்னால் ஒரு முறை குலுங்கும். அந்தக் குலுக்கல் வந்ததும் கீழ்வீட்டு மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்பதற்கு எவரும் உத்தரவாதம் தர முடியாது என்பது அவருடைய கட்சி.

அவர் எச்சரிக்கை வீண்போனதில்லை. குடும்பங்களுக்கு மட்டும் என்று வாடகைக்கு விடப்பட்ட அந்தக் கட்டடத்தில், மூன்றாம் தளத்து வீடு ஒன்றுக்குள் பலகைத் தடுப்புகள் எழும்பியிருந்தன. தடுப்புக்குத் தடுப்பு தனியாட்கள் குடியிருந்தார்கள். அவர்கள் தோளில் துண்டோடு நடைவழியில் பல் துலக்கிக்கொண்டு நிற்பதை நாங்கள் அனைவரும் பார்த்திருந்தோம். மாமா பார்த்ததில்லை. குரலை வைத்து அடையாளம் கண்டு, நலம் விசாரித்து, ஊரில் மழை உண்டா என்று கேட்டுவிட்டுச் சுவரைத் தடவியபடி நடந்துபோவார். நகராட்சி ஆய்வாளர் வந்து, "இங்கே தனியாட்கள் தங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டபோது, "ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். அது உண்மை. கண்ணாடி இல்லாவிட்டால் தம் வீட்டுக் கதவின் எண்ணையே விரலால் தடவித்தான் அவர் கண்டுபிடிக்க வேண்டும்.

பொய் சொல்ல மாட்டார். இதை மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொள்ளும் சிரமத்தை அவர் யாருக்கும் வைக்கவில்லை. தாமே அடிக்கடி சொல்லிவிடுவார். "கீழக்கரையிலேருந்து வந்து இத்தன வருசமாச்சு. இந்த வாயில ஒரு பொய் வந்ததில்ல" என்பார். பொய் சொல்லும் அவசியம் நேராதபடி கண்களை நிர்வகித்துக்கொள்வதும் நேர்மையின் ஒரு துறைதான் என்பதை அவரிடமிருந்துதான் அறிந்தேன்.

வீட்டிலும் அதே முறைதான். மாமி கடைவீதியிலிருந்து பைகளோடு திரும்பினால் கண்ணாடி இறங்கிவிடும். "என்னாத்த வாங்குன?" என்று கேட்கமாட்டார், விலையும் தெரியாது, சண்டையும் கிடையாது. சோறு குழைந்த நாளில், தட்டின் மேல் எழும் ஆவியைக் காரணம் காட்டிக் கழற்றிவிட்டு அமைதியாகச் சாப்பிடுவார். "குருடன கட்டிக்கிட்டதா நெனச்சுத்தான் குடும்பம் நடத்துறேன்" என்று மாமி அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். அந்த மணவாழ்க்கை எங்கள் கட்டடத்திலேயே அமைதியானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கேமரா வைத்த போன்கள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. அவற்றை அவர் ஒரு தனிப்பட்ட விரோதியைப்போல வெறுத்தார். "கண்ணாடின்னா கழட்டிப்புடலாம். இந்தச் சனியன என்னா செய்றது?" என்பார்.

அவர் வேலை செய்ததும் என் அப்பா வேலை செய்ததும் ஒரே கம்பெனி. துபாயில் அல் கூஸில் ஒரு பெரிய யார்டு. இரும்புக் குழாய்களும் சாரக் கம்பிகளும் மலையாகக் கிடக்கும். அப்பா அங்கே ஸ்டோர் கீப்பர். மாமா பி.ஆர்.ஓ. பாஸ்போர்ட், விசா, மருத்துவச் சோதனை என்று அரபி தெரிந்தவர் மட்டுமே நுழையக்கூடிய வரிசைகளில் எல்லாம் கம்பெனியின் சார்பாக நிற்பவர். இவற்றோடு, நியமன உத்தரவில் எழுதப்படாத இன்னொரு பொறுப்பும் அவருக்கு இருந்தது. யார்டிலோ சைட்டிலோ விபத்து நடந்து, தொழிலாளர் யாரையாவது நியாபாவுக்குச் சாட்சி சொல்லக் கூப்பிட்டால், அவரைத் தயார் செய்வது. நியாபா என்பது அரசு வழக்கறிஞர்களின் அலுவலகம். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று மூடிய கதவுக்குள் முடிவு செய்யும் இடம்.

பாடம் வெள்ளிக்கிழமைகளில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் வீட்டு ஹாலில் நடக்கும். தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பிலிருந்து வேனில் வந்து இறங்கும் ஆட்களுக்கு மாமி பிரியாணி போடுவார். ஒருவரைத்தான் நியாபா கூப்பிட்டிருக்கும். பிரியாணிக்காக அவரோடு இன்னும் நாலு பேர் வருவார்கள். அதை 'பாய் டியூஷன் சென்டர்' என்று கேம்ப்பில் அழைத்தார்கள்.

"போன ஒடனே வாசல்லயே போன வாங்கி வச்சுக்குவான். குடுத்துரு. எப்பத் திருப்பித் தருவீகன்னு கேக்காத," என்று மாமா தொடங்குவார். "அப்பறம் ஒரு ரூமு. அங்க ஒனக்குன்னு வக்கீலு வரமாட்டாரு, மொதலாளி வரமாட்டாரு, நானும் வரமாட்டேன். மேசைக்கு அங்கிட்டு வெள்ள கந்தூரா அங்கி போட்டு ஒருத்தரு உக்காந்திருப்பாரு. ஒந்தம்பி வயசுதான் இருக்கும். சின்னப்பயன்னு நெனச்சிராத. பக்கத்துல ஒருத்தன் நீ சொல்றத அப்புடியே டைப் அடிப்பான். மொழிபெயர்க்க நம்ம ஆளு ஒருத்தரு இருப்பாரு. நம்ம ஆளாச்சேன்னு எந்த ஊருண்ணேன்னு விசாரிக்காத."

"டீ குடுப்பாங்களா பாய்?"

"குடுத்தா குடி. சக்கர கம்மின்னு சொல்லாத. டீயப் பத்தி அவரு கேட்டாரா? கேட்டதுக்கு மட்டுந்தான் பதிலு."

பிறகு குரல் இறங்கும். "ஆண்டவம் பேருல சத்தியம் வாங்குவாக. அதுக்கப்பறம் பொய் சொன்னா இங்கயும் போச்சு, அங்கயும் போச்சு." 'அங்கே' என்னும்போது விரல் மேற்கூரையைக் காட்டும். மேல்வீட்டுக்காரர்களான எங்களைக் காட்டுவதாகவே எனக்குத் தோன்றும்.

"அப்ப என்னதான் பாய் சொல்றது?"

"உண்மையச் சொல்லு. பாத்திருந்தா பாத்தேன்னு சொல்லு, பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லு. பாக்காம இருக்குறது ஒம்பொறுப்பு. ஆனா ஒண்ணு. ஏன் பாக்கலன்னு காரணம் சொல்லாத. காரணம் சொன்னீன்னா அந்தக் காரணத்துக்கு ஒரு காரணம் கேப்பான். அதுக்கு முடிவே கெடையாது. வெளிய வந்தப்பறம் உள்ள என்னா கேட்டாகன்னு பொஞ்சாதிகிட்டகூடச் சொல்லாத. கலாஸ், அம்புட்டுத்தான்."

இந்தப் பாடத்தில் எனக்கும் ஒரு பாத்திரம் இருந்தது. பள்ளியில் கட்டாயப் பாடமாக அரபி படித்தவள் என்பதால் என்னை அரசு வழக்கறிஞராக நியமித்திருந்தார். எனக்குத் தெரிந்த அரபியில் ஒட்டகத்தின் பயன்களைப் பற்றி ஒரு பத்தி எழுதலாம். ஒரு மனிதரைக் கூண்டில் ஏற்ற அது போதாது. இருந்தாலும் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, "உன் பெயர் என்ன?", "நீ என்ன பார்த்தாய்?" என்று அரபியில் கேட்பேன். ஒருமுறை, சாரம் கட்டும் தொழிலாளி ஒருவர் பயத்தில் என் முதல் கேள்விக்கே "மாஃபி!" என்று பதில் சொல்லிவிட்டார். பெயரே இல்லை என்று மறுத்த சாட்சியை மாமா கண்டிக்கவில்லை. "கொஞ்சம் ஓவரு. ஆனா போற பாத சரி" என்றார்.

நான் அதிகம் பேசாத பெண் என்பதால் அவருக்கு என்மேல் தனி மதிப்பு. "சாட்சிக்குன்னே பொறந்த புள்ள" என்று அம்மாவிடம் பாராட்டியிருக்கிறார். என் இயல்பைப்பற்றி நான் முதன்முதலாக ஐயம் கொண்டது அன்றுதான்.

யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய சேகர், அரியலூர்ப் பக்கத்துக்காரர். அப்பாவை அண்ணன் என்றும் அம்மாவை அக்கா என்றும் அழைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைகளில் வருவார். சந்தையில் முருங்கைக்காய் கிடைத்தால் கட்டோடு வாங்கி வந்துவிடுவார். நான் தமிழ் இலக்கியம் படிக்கப்போகிறேன் என்றதும், "படிச்சு முடிச்சுட்டு என்னா பண்ணுவ? கேம்ப்புல எல்லாத்துக்கும் வீட்டுக்கு லெட்டர் எழுதிக் குடு. கூட்டம் அள்ளும்" என்றவர். ஒரு வாரம் வந்தபோது அப்பாவிடம், "ண்ணே, வண்டி பிரேக்கு ஒழுங்கா புடிக்க மாட்டேங்குதுண்ணே. லோடு ஏத்துனா எறக்கத்துல ஓடுது" என்றார். அப்பா மறுநாள் யார்டு மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்பது எங்கள் ஊர்களில் மட்டுமல்ல, அங்கும் ஒரு முழுமையான பதில்.

அடுத்த வாரத்தில் ஒருநாள், குழாய்கள் ஏற்றிய வண்டி யார்டின் சரிவில் நிற்காமல் இறங்கி, அடியில் குழாய் அடுக்கிக்கொண்டிருந்த ஆந்திரக்காரர் ஒருவர்மேல் மோதியது. அவருக்கு நடுத்தர வயது. ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போலீஸ் வந்து சேகரை அழைத்துக்கொண்டு போனது. வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை, ஓட்டுநரின் கவனக்குறைவு என்று மேனேஜர் சொன்னார். அது நிலைத்தால் சேகருக்குச் சிறை. அதன்பின் ஊருக்கு விமானம். மறுபடி எந்த வளைகுடா நாட்டிலும் அவர் காலை வைக்க முடியாது. அவர் லாக்கப்பில் இருந்தார். மேனேஜர் ஏசி அறையில் இருந்தார்.

முதலில் அப்பாவைக் கூப்பிட்டார்கள். மாமா அன்று மாலையே மேலே வந்தார். எங்கள் ஹால் டியூஷன் சென்டர் ஆயிற்று.

"தம்பி, மோதுனத நீங்க பாத்தீகளா?"

"இல்ல பாய். நான் ஸ்டோருக்குள்ள இருந்தேன்."

"மாஷா அல்லாஹ். முடிஞ்சுச்சு."

"ஆனா பிரேக்கு விசயம் எனக்குத் தெரியுமே."

"அத அவரு கேட்டாச் சொல்லுங்க. கேக்கலன்னா நீங்களா எதுக்கு அவுத்து விடுறீக? புள்ள காலேஜு போகணும். ஒங்க விசா கம்பெனி கையில இருக்கு."

சமையலறையிலிருந்து அம்மா வந்து நின்றார். "உள்ள கெடக்கிறது சேகரு. நீங்க இங்க உக்காந்து பாடம் நடத்துறீங்க."

"தங்கச்சி, பொய் சொல்லச் சொன்னேனா? ஒரு வார்த்த சொன்னேனா?"

சொல்லவில்லைதான். அவரை எதிர்த்துப் பேச முடியாமல் போவதற்கு அவர் எப்போதும் சரியாக இருப்பதே காரணம்.

அப்பா போய்வந்தார். சட்டத்தின் முன் அவர் நடத்தை குறை சொல்ல முடியாதது. எங்கே இருந்தாய் என்றார்கள், ஸ்டோரில் என்றார். பார்த்தாயா என்றார்கள்; பார்க்கவில்லை என்றார். பிரேக்கைப்பற்றி அவர்கள் கேட்கவில்லை. அப்பா பொய் சொல்லவில்லை. உண்மையும் அந்த அறையை விட்டு அவரோடு பத்திரமாக வீடு திரும்பியது. சாப்பிட உட்கார்ந்தவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். அம்மா அந்த வாரம் முழுவதும் அவரிடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

பிறகு மாமாவையே கூப்பிட்டார்கள். விசா புதுப்பிக்க ஆட்களிடம் புகைப்படம் வாங்குவதற்காக, விபத்து நடந்த அன்று அவர் யார்டுக்கு வந்திருந்தார். அது வாசலில் பதிவாகியிருந்தது. அவருக்கு யார் பாடம் எடுப்பது? சலவை செய்த சட்டையோடு, திருமணத்துக்குப் போகிறவரைப்போல மலர்ச்சியாகக் கிளம்பிப் போனார். மாலையில் திரும்பியவர் தம் வீட்டுக்குப் போகாமல் எங்கள் வீட்டு மணியை அடித்தார். கண்ணாடி மூக்கின்மேல் இருந்தது. உட்கார்ந்து, தண்ணீர் கேட்டுக் குடித்தார். பொஞ்சாதியிடம்கூடச் சொல்லக்கூடாது என்று அவர் விதித்த ஒன்றை, பிறர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார்.

"எங்க நின்னேன்னு கேட்டான். சரிவுக்குக் கிட்டக்கன்னேன். என்னா பாத்தேன்னான். பாக்கலன்னேன். அதோட நிறுத்தியிருக்கணும்."

"நிறுத்தலியா பாய்?" என்றார் அப்பா.

"அவன் ஒரு மாதிரிப் பாத்தான் தம்பி. இவன் பொய்க்காரன்னு பாத்தான். அத்தன கிட்டக்க நின்னுக்கிட்டு எப்புடிரா பாக்காம இருப்பேங்கிற மாதிரி. எனக்குத் தாங்கல. 'கண்ணாடி போடல, அதுனால தெரியல'ன்னு சொல்லிப்புட்டேன்."

காரணம் சொல்லாதே என்று வெள்ளிக்கிழமை தவறாமல் ஓதியவர், பொய்யர் என்று ஒரு பார்வை பட்டதும் தம் வாழ்நாள் நேர்மையை நிறுவுவதற்காக ஒரே ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டார்.

"'இப்ப மூக்குல இருக்கே, அப்ப எங்க இருந்துச்சு?'ன்னான். பையிலன்னேன். 'வரும்போதே பையிலயா?'ன்னான். இல்ல, அங்க நின்னுக்கிட்டுதான் கழட்டுனேன்னேன். 'எப்ப?' வண்டி கெளம்புறப்ப. 'ஏன்?'"

"தூசின்னு சொல்லியிருக்கலாமே பாய்."

"சத்தியம் பண்ணிட்டேனே தம்பி!" என்றார் மாமா. என் அப்பாவின் யோசனையால் உண்மையாகவே அதிர்ந்து போயிருந்தார். "சேகரு மேனேஜருகிட்டச் சொன்னத நான் காதால கேட்டேன். 'சார், பிரேக் நஹி பகட்தா, லோடு வேணாம் சார்'னு கெஞ்சுனான். மேனேஜரு, 'குச் நஹி ஹோகா, ஜல்தி சலாவ்'னு, ஒண்ணும் ஆவாது சீக்கிரம் ஓட்டுன்னு வெரட்டுனாரு. பய ஏறி உக்காந்தான். ஏதோ ஆகப்போவுதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கழட்டுனேன். அம்புட்டுத்தான். அப்பறம் சத்தந்தான் கேட்டுச்சு."

"இதெல்லாம் அவங்ககிட்டச் சொன்னீங்களா?" என்றார் அம்மா.

"சொன்னேன். ஏன் கழட்டுனேன்னு கேக்குறானே. வேற என்னாத்தச் சொல்ல?"

"அப்ப சேகர விட்டுருவாங்களா?"

"விட்டுருவாக." எழுந்தவர், மறுபடியும் உட்கார்ந்தார். "கடசியா ஒண்ணு கேட்டான் தங்கச்சி. கண்ணாடியக் கழட்டி, தொடச்சு, பையில வைக்கிற நேரத்துல, நிறுத்துன்னு ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல என்டு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"குடுத்திருக்கலாம்னேன். பக்கத்துல இருந்தவன் அதையும் டைப் அடிச்சான்."

ஒன்றைப் பார்க்காமல் இருக்க வேண்டுமானால், அது வரப்போகிறது என்பதை மற்றவர்களுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். எங்கள் கட்டடத்திலேயே கூர்மையான பார்வை உடையவர் அவர்தான் என்பது எனக்கு அப்போது உறைத்தது. நான் எதுவும் சொல்லவில்லை. சாட்சிக்கென்றே பிறந்தவள் அல்லவா?

மேனேஜரை விசாரணைக்கு அழைத்தார்கள். அப்பாவையும் மறுபடி அழைத்தார்கள். இம்முறை பிரேக்கைப்பற்றிக் கேட்டார்கள், அப்பா சொன்னார். கேள்வி கிடைத்த நிம்மதியில் அன்றிரவு நன்றாகச் சாப்பிட்டார். கம்பெனி மாமாவின் நீண்டகாலச் சேவையைப் பாராட்டி விசாவை ரத்து செய்தது. தம் விசா ரத்துக்கான காகிதங்களைத் தாமே எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று முடித்தார். அந்த வேலையை அவரளவுக்குத் தெரிந்தவர் கம்பெனியில் வேறு யாருமில்லை.

சேகர் வெளியே வந்த மறுநாள் மாமா வீட்டுக்கு வந்தார். நாங்களும் போயிருந்தோம். ஹாலில் பாதி கட்டிய அட்டைப்பெட்டிகள் கிடந்தன. மாமி சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார். சேகர் இளைத்திருந்தார். வந்தவுடன் குனிந்து மாமாவின் காலைத் தொடப்போனார். மாமா பதறி விலகினார்.

"ஏய், எங்கள்ள இதெல்லாம் கெடையாது. எந்திரி."

"என்னா பாய் இப்புடிச் சொல்றீங்க? கம்பெனில இத்தன பேரு இருந்தும் ஒருத்தன் வாயத் தொறக்கல. நீங்க வேலைய விட்டுல்ல சொன்னீங்க. ஒங்களாலதான் நான் வெளிய வந்தேன்."

"என்னாலதான் உள்ள போன. அதையும் சேத்துச் சொல்லு."

சேகர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். அப்பாவின் பக்கம் திரும்பி, "பாத்தீங்களாண்ணே? பெரிய மனுசங்க இப்புடித்தான். செஞ்ச உதவியச் சொல்லிக்கக்கூட மாட்டாங்க" என்றார்.

மாமா எங்களைப் பார்த்தார். அந்தக் கடைசிக் கேள்வியும் அதற்கு அவர் சொன்ன பதிலும் அந்த ஹாலில் அவரைத் தவிர எங்கள் மூவருக்கு மட்டுமே தெரியும். அப்பா அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டியிருந்த முகவரியைப் படித்தார். அம்மா மாமிக்கு உதவச் சமையலறைக்குப் போனார். எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.